அடி சறுக்கினால் யார் குற்றம்?

‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பது பழமொழி. எவ்வளவு வலிமையும் அனுபவமும் உடையவர்களும் ஒரு நாள் தவறக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது. பெரும்பாலும், வாழ்க்கையில் ஏற்படும் சறுக்கல்களைப் பற்றிப் பேசும்போதே மக்கள் இப்பழமொழியைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும், அதன் நேர்ப்பொருளையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். யானையின் அடி ஏன் சறுக்குகிறது? அது கவனமின்றி நடந்ததாலா? அல்லது, அது மிதித்த பாறையில் ஈரமும் பாசியும் படிந்திருந்ததாலா?

வேலையிடத்தில் ஒருவர் வழுக்கி விழும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. விழுந்தவரைத் தூக்கிவிடும் கைகளோடு, “பார்த்து நடக்கக் கூடாதா?” என்ற குரலும் சேர்ந்தே வரும். அவரும் வெட்கத்துடன் எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்துவிடுவார். சில நிமிடங்களில் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். ஆனால், அவரை விழவைத்த தரை மட்டும் அப்படியே இருக்கும்.

சிறிய விழுதல், பெரிய இழப்பு

வேலையிட விபத்து என்றதும் உயரமான கட்டடங்களும் பாரந்தூக்கிகளும் பெரிய இயந்திரங்களும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. சமதரையில் நடந்துசெல்லும்போது விழுவதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு வெளியிடும் வேலையிடப் பாதுகாப்பு அறிக்கைகளில், காயங்களுக்கான முன்னணிக் காரணங்களுள் ஒன்றாக வழுக்குதல், இடறுதல், விழுதல் ஆகியவை தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன.

வழுக்குதலும் இடறுதலும் ஒன்றல்ல. பாதத்திற்கும் தரைக்கும் இடையே போதிய பிடிப்பு இல்லாதபோது கால் முன்னோக்கி நழுவுகிறது. உடல் பின்புறமாகச் சாய்கிறது. இது வழுக்குதல். இதனால் இடுப்பும் முதுகும் பின்தலையும் அடிபடுகின்றன. கையை ஊன்றி விழுபவருக்கு மணிக்கட்டு முறியலாம். இடறுதல் என்பது இதற்கு மாறானது. நடக்கும் கால் ஒரு கம்பியிலோ பெட்டியிலோ பெயர்ந்த ஓட்டின் விளிம்பிலோ தட்டி நின்றுவிடுகிறது. உடல் மட்டும் முன்னோக்கிச் செல்கிறது. இதனால் முழங்கால்களும் கைகளும் முகமும் காயமடைகின்றன.

எங்கே விழுகிறார் என்பதும் முக்கியம். அலுவலகத்தில் விழுபவருக்கு ஒரு வீக்கத்தோடு முடிந்துவிடக்கூடும். சமையலறையில் விழுபவர் கையில் கொதிக்கும் எண்ணெயோ கூரிய கத்தியோ இருக்கலாம். ஒரு மணிக்கட்டு முறிந்தால் அது கூடுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அத்தனை வாரங்களும் அவரால் பாத்திரம் தூக்க இயலாது. காய்கறி நறுக்க இயலாது. முதியவர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அவர் மீண்டும் பழையபடி நடமாடுவதே கேள்விக்குறியாகிவிடும். ஒரு நொடியில் நடந்துவிடும் விழுதல் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்திவிடக்கூடும்.

கால் ஏன் வழுக்குகிறது?

இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று தொட்டு நகரும்போது அந்த நகர்வைத் தடுக்கும் விசையே உராய்வு எனப்படும். உராய்வு இல்லையென்றால் மனிதனால் ஓர் அடிகூட எடுத்து வைக்க இயலாது. நடக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அது சற்றுச் சாய்வாக, முன்னோக்கிச் செல்லும் வேகத்துடன் தரையில் பதிகிறது. அந்தக் கணத்தில் உராய்வு குதிகாலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்பிடிப்புக் குறைந்தால் குதிகால் நழுவும்.

மிகச் சிறிய நழுவலை நடப்பவர் உணர்வதே இல்லை. சற்று அதிகமாக நழுவினால், உடல் தானாகவே தன்னைச் சமன்படுத்திக்கொள்ள முயல்கிறது. ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்கு மேல் நழுவினால் பெரும்பாலும் சமாளிக்க முடியாது. ‘பார்த்து நடந்திருக்கலாமே’ என்று நினைப்பதற்குள் அவர் விழுந்து முடிந்திருப்பார்.

உலர்ந்த, தூய்மையான தரையில் வழுக்கி விழுபவர்கள் மிகக் குறைவு. தரைக்கும் காலணிக்கும் இடையே நீரோ எண்ணெயோ மாவோ தூசியோ நுழையும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஈரத்தரையில் குதிகால் பதியும்போது, அடியிலுள்ள நீர் பிதுங்கி வெளியேற வேண்டும். வெளியேற நேரமில்லையென்றால், காலணி தரையைத் தொடாமல் மெல்லிய நீர்ப்படலத்தின்மீது மிதக்கிறது. மழை பெய்யும்போது வேகமாகச் செல்லும் காரின் சக்கரங்கள் சாலையின் பிடிப்பை இழப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தப் படலத்தைக் கிழித்துக்கொண்டு காலணியைத் தொடுபவை தரையிலுள்ள நுண்ணிய மேடுகளே. அவற்றின் உயரம் மைக்ரான் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். தரையில் சுத்தமான நீர் மட்டும் சிந்தும் என்றால், 20 மைக்ரான் அளவு சொரசொரப்பு இருந்தால் பெரும்பாலும் போதுமானது. சோப்பு நீரோ பாலோ சிந்தும் இடத்திற்கு 30 மைக்ரான் வேண்டும். எண்ணெய் சிந்தும் இடத்திற்கு 60 மைக்ரான் அளவு தேவைப்படும். நீர்மம் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறதோ அவ்வளவு உயரமான மேடுகள் வேண்டும் என்பதே இதன் பொருள். ஆகவே, கழிவறைக்கு ஏற்ற தரை ஓடு, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் போடுவதற்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தரையின் பிடிப்பை அளப்பது எப்படி?

ஒரு தரை வழுக்குமா, வழுக்காதா என்பதைக் கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ உறுதியாகச் சொல்ல இயலாது. அதற்கென அளவீட்டு முறைகள் உள்ளன. சிங்கப்பூரிலும், நடைபாதைப் பரப்புகளின் வழுக்கும் தன்மையை வகைப்படுத்துவதற்கு ‘எஸ்எஸ் 485’ என்னும் தரநிலை இருக்கிறது.

அளவீட்டு முறைகளுள் ஒன்று ஊசல் சோதனை. இதில் பயன்படும் கருவியின் ஊசற்கையின் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். அது குதிகாலைப்போல் செயல்படுகிறது. கையை உயர்த்தி விட்டால், அது கீழே வந்து தரையை உரசிவிட்டு மறுபுறம் எழும்பும். தரையில் பிடிப்பு அதிகமென்றால் ஊசல் வேகமிழந்து குறைந்த உயரத்திற்கே எழும்பும். வழவழப்பான தரையென்றால் உயரமாக எழும்பும். அந்த உயரத்தைக்கொண்டு ஓர் எண் கணக்கிடப்படுகிறது. உலர்ந்த தரை, நனைந்த தரை ஆகிய இரண்டிலும் இச்சோதனை செய்யப்படும்.

பிரிட்டனில் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, ஊசல் எண் 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எண் 36 என்றால், பத்து இலட்சத்தில் ஒரு முறைதான் கால் வழுக்கக்கூடும் என மதிப்பிடப்படுகிறது. எண் 24 ஆகக் குறைந்தால், இருபதில் ஒரு முறை வழுக்கக்கூடும். 36க்கும் 24க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், நாளொன்றுக்கு ஆயிரம் முறை அந்த வழியாக நடக்கும் உணவுக்கடைப் பணியாளருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

மற்றொன்று, ஜெர்மனியில் உருவான சாய்தளச் சோதனை. எண்ணெய் பூசிய ஒரு சாய்தளத்தின்மீது, பாதுகாப்புக் கயிறு அணிந்த ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். தளத்தின் சாய்வு சிறிது சிறிதாகக் கூட்டப்படும். இனிமேல் பாதுகாப்பாக நடக்க முடியாது என்ற நிலை வரும்போது அந்தக் கோணம் குறித்துக்கொள்ளப்படும். அதன் அடிப்படையில் தரை ஓடுகளுக்கு ‘ஆர் 9’ முதல் ‘ஆர் 13’ வரை குறியீடு தரப்படுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 9 என்ற எண்ணைக் கண்டதும், பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வரிசையில் மிகக் குறைந்த பிடிப்பு உடையது ஆர் 9தான். ஆர் 13க்கே பிடிப்பு மிக அதிகம்.

ஈரச்சந்தையும் உணவங்காடியும்

சிங்கப்பூரில் 100க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன. 1970களிலும் 1980களிலும் தெருவோரக் கடைக்காரர்கள் இந்நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். உணவங்காடிப் பண்பாடு 2020ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பல நிலையங்களுடன் சந்தையும் சேர்ந்தே இருக்கும். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீன், இறைச்சி, காய்கறி விற்கும் இத்தகைய சந்தைகளை மக்கள் ‘ஈரச்சந்தை’ என்றே அழைக்கின்றனர். பனிக்கட்டி உருகி வழியும் நீரும், தரையைக் கழுவிவிடும் நீரும் அங்கு எப்போதும் இருப்பதே அப்பெயருக்குக் காரணம்.

இத்தகைய இடங்களில் ஈரத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது. எனவேதான், ஈரமிருந்தும் வழுக்காத தரை தேவைப்படுகிறது. அதற்குப் பல வழிகள் உள்ளன. பளபளப்புப் பூச்சு இல்லாத தரை ஓடுகளைப் பதிக்கலாம். தொழிற்கூடச் சமையலறைகளில், மணல் போன்ற கடினமான துகள்கள் கலந்த பூச்சினைத் தரையில் பூசுகின்றனர். ஏற்கெனவே பதிக்கப்பட்ட ஓடுகளை உடைக்காமலேயே, அவற்றின்மீது ஒரு கரைசலைத் தடவி நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்கவும் முடியும். படிகளின் விளிம்புகளில் சொரசொரப்பான பட்டைகளை ஒட்டலாம்.

இவற்றிலும் சில சிக்கல்கள் உண்டு. சொரசொரப்பு கூடக்கூட, அழுக்கும் கொழுப்பும் அதன் இடுக்குகளில் தங்கிவிடும். உணவு சமைக்கும் இடத்தில் தூய்மையும் வேண்டும், பிடிப்பும் வேண்டும். ஆதலால், இடத்திற்கேற்பத் தரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. மேலும், எந்தத் தரையும் என்றென்றும் புதிதாகவே இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கால்கள் நடந்து நடந்து மேடுகள் தேய்ந்துவிடும். பூசிய பூச்சும் நாளடைவில் மறையும். ஒரு முறை செலவழித்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலையன்று இது.

துடைப்பதும் ஆபத்தாகலாம்

‘தரையைத் துடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும்’ என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில், துடைத்த சில நிமிடங்களே மிகவும் ஆபத்தானவை. நன்றாகப் பிழிந்த துடைப்பான்கூடத் தரையில் மெல்லிய நீர்ப்படலத்தை விட்டுச் செல்கிறது. வழவழப்பான தரையில் கால் வழுக்குவதற்கு அதுவே போதும். ஒரு சிறு துளி சிந்திய இடத்தில் பெரிய ஈரத்துடைப்பானைப் போட்டு இழுத்தால், உள்ளங்கையளவு இருந்த ஆபத்து அறையளவு விரிந்துவிடுகிறது. சிறு சிந்தலை உறிஞ்சும் தாளாலோ உலர்ந்த துணியாலோ ஒற்றி எடுப்பதே சிறந்தது.

எண்ணெய்ப் பசையுள்ள தரையை வெறும் நீரால் கழுவுவதாலும் பயனில்லை. கொழுப்பு நீரில் கரையாது. அது இடம் மாறிப் பரவுமே தவிர நீங்காது. கொழுப்பை நீக்கும் கரைசலைச் சரியான அளவில் கலந்து ஊற்றி, அது வேலை செய்வதற்குச் சில நிமிடங்கள் விட்டு, பிறகு தேய்த்து, அலசி, நீரை வடிகாலுக்கு வழித்துத் தள்ள வேண்டும். ஊற்றியவுடனேயே அலசிவிட்டால் கரைசலுக்கு வேலை செய்ய நேரமே இருக்காது. அளவுக்கு மீறிக் கலந்தால், எஞ்சியிருக்கும் சோப்பே வழுக்கலுக்குக் காரணமாகிவிடும். நல்ல தரையைப் போட்டுவிட்டுத் தவறாகத் துப்புரவு செய்தால், கொழுப்புப் படலம் மேடுகளை மூடி, அது வழவழப்பான தரையாகவே மாறிவிடும்.

ஐந்து முறை ‘ஏன்’

ஓர் உணவுக்கடையில் நடக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். மதிய உணவு நேரம். கடைக்கு முன்னால் நீண்ட வரிசை. பல ஆண்டுகளாக அங்கு வேலை செய்யும் உதவியாளர் ஒருவர், பொரித்த கோழி நிறைந்த வடிதட்டுடன் திரும்புகிறார். கால் நழுவுகிறது. விழுந்தவரின் மணிக்கட்டு வீங்குகிறது.

“பார்த்து நடக்கக் கூடாதா, அக்கா?” என்று பதறுகிறார் இளம் கடைக்காரர்.

“என் தப்புதான், தம்பி. அவசரத்தில் பார்க்காமல் வந்துவிட்டேன்,” என்கிறார் அந்த அம்மையார்.

இருவருமே நல்லவர்கள். இருவருமே ஒரே முடிவுக்கு வந்துவிட்டனர். இத்துடன் பேச்சு முடிந்துவிட்டால், அடுத்த வாரம் வேறொருவர் அதே இடத்தில் விழுவார்.

ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தால் புகழ்பெற்ற முறை ஒன்று உண்டு. ஒரு சிக்கல் ஏற்பட்டால், ‘ஏன்’ என்று ஒரு முறை கேட்பதோடு நிறுத்தாமல் ஐந்து முறை கேட்க வேண்டும் என்பதே அது. அந்தக் கடையிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

அவர் ஏன் விழுந்தார்? தரையில் எண்ணெய் இருந்தது. எண்ணெய் ஏன் அங்கே இருந்தது? வடிதட்டிலிருந்து வழியெல்லாம் சொட்டுகிறது. ஏன் சொட்டுகிறது? வடிதட்டின் அடியில் எண்ணெயைத் தாங்கும் தட்டு இல்லை. பொரிக்கும் சட்டி ஒரு மூலையிலும் பரிமாறும் மேசை எதிர்மூலையிலும் இருக்கின்றன. சொட்டிய எண்ணெய் ஏன் உடனே அகற்றப்படவில்லை? மதிய நேரத்தில் துடைப்பதற்கென யாரும் பொறுப்பாக இல்லை. இரவில் கழுவிய பிறகும் தரை ஏன் பிசுபிசுப்பாக இருக்கிறது? வெறும் நீரால்தான் கழுவுகிறார்கள்.

ஐந்து கேள்விகளுக்குப் பிறகு கிடைத்த விடைகளில் அம்மையாரின் அவசரம் இல்லை. கிடைத்தவை எல்லாம் மாற்றக்கூடிய பொருள்கள், மாற்றக்கூடிய பழக்கங்கள். தாங்கும் தட்டு ஒன்றை வாங்குவதற்கு அதிகம் செலவாகாது. மேசையை நகர்த்துவதற்குச் செலவே இல்லை. ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரையைவிட இந்த இரண்டும் நெடுநாள் நிலைக்கும். ஏனெனில், மனிதரின் கவனம் களைப்பிலும் அவசரத்திலும் சிதறும். நகர்த்தி வைத்த மேசை சிதறாது.

பொறுப்பு யாருடையது?

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதனருகே எம்ஆர்டி சுரங்கப்பாதை கட்டும் பணி நடந்துகொண்டிருந்தது. அவ்விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். அந்த ஆண்டில் நிகழ்ந்த விபத்துகள், வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனையையே மாற்றின. பழைய தொழிற்சாலைச் சட்டத்திற்குப் பதிலாக, 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. விபத்து நடந்த பிறகு நடவடிக்கை எடுப்பதைவிட, ஆபத்தை முன்கூட்டியே கண்டறிந்து குறைக்க வேண்டும். ஆபத்தை உருவாக்குபவரே அதைக் குறைக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அச்சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கட்டுமானத் தளத்திற்கு மட்டுமன்றி, உணவகத்தின் சமையலறைக்கும் அது பொருந்தும்.

முதலாளிகள் தங்கள் வேலையிடத்தில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்ய வேண்டும். ஊழியர்களுக்கும் கடமை உண்டு. தரப்பட்ட பாதுகாப்புக் காலணியை அவர்கள் அணிய வேண்டும். தம்மையோ பிறரையோ ஆபத்துக்கு உள்ளாக்கும் வகையில் நடந்துகொள்ளக் கூடாது.

வேலையின்போது காயமடைந்த ஊழியர், வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். அதற்கு அவர் முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ‘என் தப்புதான்’ என்று வெட்கப்பட்டுக் காயத்தை மறைக்கும் ஊழியர், தமக்குரிய உதவியையும் இழந்துவிடக்கூடும். ஆனால், சுயதொழில் செய்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. தாமே சமைத்துத் தாமே விற்கும் கடைக்காரர் விழுந்தால், கடையும் அவரோடு சேர்ந்தே மூடிக்கிடக்கும். அவருக்கு வழுக்காத தரையே முதல் காப்புறுதி.

எச்சரிக்கைப் பலகை போதுமா?

ஆபத்தைக் குறைக்கும் வழிகளை வல்லுநர்கள் ஒரு படிநிலையாக அமைத்துள்ளனர். ஆபத்தை அடியோடு நீக்குவதே மேல்படி. ஒழுகும் குழாயைச் சரிசெய்வது அதற்கு எடுத்துக்காட்டு. நீக்க முடியாவிட்டால், தரையையோ வடிகாலையோ கருவிகளின் அமைப்பையோ மாற்ற வேண்டும். அதற்கும் அடுத்ததாகவே பயிற்சி, விதிமுறை, எச்சரிக்கை ஆகியவை வருகின்றன. காலணி போன்ற தனிநபர் பாதுகாப்புப் பொருள்கள் கடைசிப்படியில் உள்ளன. கீழ்ப்படிகள் வேண்டாதவை அல்ல. ஆயினும், அவை மேல்படிகளுக்கு மாற்றாக முடியாது.

‘தரை ஈரமாக உள்ளது’ என்னும் மஞ்சள் பலகையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். தரை காய்ந்த பிறகும் அது நாள்முழுதும் அங்கேயே நின்றால், நாளடைவில் யாரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். உண்மையிலேயே தரை ஈரமாக இருக்கும்போதும் அப்பலகையின் பேச்சு எடுபடாது. பாதையின் நடுவே வைக்கப்பட்டால், அதன்மீதே ஒருவர் இடறி விழவும் கூடும்.

காலணியிலும் கவனம் வேண்டும். அடிப்பகுதியிலுள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காகவே அமைக்கப்பட்டுள்ளன. அவை தேய்ந்துவிட்டாலோ கொழுப்பும் மாவும் அடைத்துக்கொண்டாலோ, விலையுயர்ந்த காலணியும் வழவழப்பான பலகையாகிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள்கள் மழை பெய்கிறது. ஆகவே, கட்டடங்களின் நுழைவாயிலில் போதிய நீளமுள்ள மிதியடியைப் போடுவதும், குடைகளிலிருந்து நீர் சொட்டாமல் பார்த்துக்கொள்வதும் எளிய ஆனால் பயனுள்ள ஏற்பாடுகள்.

வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு

இந்த அறிவு வேலையிடத்தோடு நின்றுவிடுவதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012ஆம் ஆண்டில், மூத்தோரின் வீடுகளில் பாதுகாப்பு வசதிகளைக் குறைந்த செலவில் செய்து தரும் திட்டத்தைத் தொடங்கியது. குளியலறை ஓடுகளை வழுக்காதவையாக மாற்றுவதும், கைப்பிடிகளைப் பொருத்துவதும் அத்திட்டத்தில் அடங்கும். உணவுக்கடையின் தரைக்குப் பொருந்தும் அதே அறிவியலே தாத்தா பாட்டியின் குளியலறைக்கும் பொருந்துகிறது.

பள்ளியிலும் இதற்கு இடமுண்டு. சிற்றுண்டிச்சாலையில் சிந்திய பானத்தைக் கண்ட மாணவர் அதைத் தாண்டிச் செல்லலாம். அல்லது, மற்றவர்கள் மிதிக்காதவாறு அங்கேயே நின்று, துப்புரவாளரிடம் தெரிவிக்கலாம். அந்த ஓரிரு நிமிடங்கள் யாரோ ஒருவரின் மணிக்கட்டைக் காப்பாற்றக்கூடும். யாரைக் காப்பாற்றினோம் என்பது ஒருபோதும் தெரியாது. தடுக்கப்பட்ட விபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா?

ஒருவர் விழுந்தால் அவருக்கு முதலில் உதவ வேண்டும். காயத்தைக் கவனிக்க வேண்டும். அதன்பின், “ஏன் பார்த்து நடக்கவில்லை?” என்று அவரிடம் கேட்பதற்கு முன்னால், குனிந்து தரையைப் பார்க்க வேண்டும். அடுத்து வருபவர் விழாமல் இருப்பதற்கான வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சிந்தித்து விடை கூறுக

1. வழுக்குதலுக்கும் இடறுதலுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

2. எண்ணெய் சிந்தும் இடத்திற்கு அதிகச் சொரசொரப்பான தரை ஏன் தேவைப்படுகிறது?

3. ‘மனிதரின் கவனம் களைப்பிலும் அவசரத்திலும் சிதறும், நகர்த்தி வைத்த மேசை சிதறாது.’ இவ்வரியின் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.

4. கதையில் வரும் அம்மையார் ‘என் தப்புதான்’ என்று கூறியதை நீர் ஏற்றுக்கொள்கிறீரா? காரணங்களுடன் எழுதுக.

5. உம் பள்ளியில் வழுக்கி விழ வாய்ப்புள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டு, அங்குச் செய்யக்கூடிய மாற்றத்தை நண்பர்களுடன் கலந்துரையாடுக.